காப்பு கட்டிய வாரம்

என் தம்பி கிறிஸ்துராஜ் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் எழுத்தராக இருந்தான். நான் எட்டாவதோடு நின்றவள். அவன் எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் வீட்டில் அவன்தான் முதல் ஆள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

சீட்டு வாங்கும் நோயாளியின் ஊரையும் நோயையும் எழுதி, சீட்டின் மறுபாதியைச் சுவரில் ஊருக்கு ஒன்றாக அடித்திருந்த ஆணிகளில் குத்திவைப்பான். சனிக்கிழமை எண்ணுவான். எந்த ஊர் ஆணியில் வயிற்றுப்போக்குச் சீட்டு ஏறுகிறதோ, அந்த ஊர்க் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போகும். ஆணி அடித்தது அவன் யோசனை. டாக்டர் ஜானகிராமன் அதைப் பார்த்துவிட்டு, பவுடர் எங்கே போகவேண்டும் என்று அவனையே கேட்க ஆரம்பித்தார்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம். மழையில் தண்ணீர் கலங்கி, ஏரிக்கண்டிகை ஆணியில் சீட்டு ஏறிக்கொண்டே வந்தது. பவுடர் ஒரு ஊருக்குத்தான் காணும். அனுப்ப இருந்த வாரத்தில் பார்த்தால், அந்த ஆணியில் ஒரு சீட்டுகூட விழவில்லை.

"அங்க அடங்கிடுச்சு சார்" என்றான் தம்பி. பவுடர் வேறு ஊருக்குப் போனது. வீட்டுக்கு வந்து என்னிடமும் சந்தோஷமாகச் சொன்னான்.

அடுத்த வாரம் ஏரிக்கண்டிகையிலிருந்து மாட்டுவண்டியில் நோயாளிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வண்டிக்காரர் வேம்புலியிடம், "போன வாரம் ஏன் யாரும் வரல?" என்று தம்பி கேட்டிருக்கிறான்.

"பொன்னியம்மனுக்குக் காப்பு கட்டிகினு இருந்தோம் நைனா. காப்பு அவுக்கிற வரைக்கும் எவனும் ஊர் எல்லையைத் தாண்டமாட்டான். இதுகூடத் தெரியாம இன்னாத்த எழுதிகினு கீற?"

நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் தெருவில் காப்பு கட்டுவதில்லை. அந்த வாரம் முழுக்க அதே கிணற்றுத் தண்ணீரில்தான் கூழைக் கரைத்து ஊருக்கே ஊற்றியிருக்கிறார்கள். நாகம்மாள் என்பவளின் மகளுக்கு வண்டி தேவைப்படவில்லை. முந்தின நாளே புதைத்துவிட்டார்கள்.

"நானும்தானே சரின்னேன், விடுப்பா" என்றார் டாக்டர். தம்பியால் விட முடியவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பான்.

"தெரிஞ்சா செஞ்ச?" என்றேன்.

"ஒருத்தரைக் கேட்டிருக்கலாமேக்கா. சீட்டு இல்லன்னா நோவு இல்லன்னு நானா நெனச்சிக்கினேன்."

மறுவருஷம் ஆடி பிறப்பதற்கு முன்பே ஊர் ஊராகச் சைக்கிளில் போய், காப்பு கட்டும் நாளை விசாரித்துவந்தான். ஏரிக்கண்டிகையில் காப்புக்கு முதல் நாள் கிணற்றில் பவுடரைத் தானே கரைத்து ஊற்றினான். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா சார், அம்மனுக்குக் கூழ் காய்ச்சற தண்ணியில ஆஸ்பத்திரி நாத்தத்தைக் கலக்குறியே?"

"இத்தைக் குடிச்சா அம்மனே எல்லை தாண்டி ஓடிடும்" என்று ஒருத்தி சொல்ல, சிரித்தார்கள்.

நாகம்மாள் சிரிக்கவில்லை. ஒரு குடம் சேந்தி, குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"இந்த நாத்தம் போன வருசம் வந்திருக்கணும் சார்" என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஆடியில் ஏரிக்கண்டிகையில் வயிற்றுப்போக்கில் ஒருவரும் சாகவில்லை. நான் அதைத் தெருவெல்லாம் சொன்னேன். தம்பி யாரிடமும் சொல்லவில்லை.