சிவப்புக் கட்டத்தில் பெரியப்பா

என் பெரியப்பாவுக்கு நான் வைத்த பேர் ஸ்பிரிங். நாற்காலி ஸ்பிரிங்கைப் பிரித்துக் கட்டுவது அவர் தொழில் என்பதால் மட்டுமில்லை. வேலையை யாராவது குறை சொன்னால் இருந்த இடத்திலிருந்து அரையடி எழும்பிவிடுவார்.

சோபா கடை அவருடையது. கட்டடம் வாடகை. கடைக்கு மேலேதான் எங்கள் எல்லோருக்கும் வீடு. கடையின் முன்பக்கம், கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே வெளிச்சம் விழும் இடத்தில் அவருடைய வேலைப்பலகை. பழைய நாற்காலியின் வயிற்றைக் கிழித்து, தேங்காய் நாரை உதறி, கயிற்றை இழுத்துக் கட்டி, மறுபடி தைத்து மூடுவார். ஒரு நாற்காலிக்கு இரண்டு நாள், சில சமயம் மூன்று. பின்பக்க இருட்டில் மாமா, அதாவது பெரியம்மாவின் தம்பி, புது சோபா செய்தார். கட்டையை அடி, ஸ்பாஞ்சை ஒட்டு, துணியை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடி, முடிந்தது. ஒரே வருஷத்தில் உட்கார்ந்தவன் இடுப்பு தரையைத் தொடும் என்பார் பெரியப்பா. தொட்டால் அடுத்தது வாங்க வருவான் என்பார் மாமா.

இரண்டு வேலைக்கும் கூலி ஒரே கணக்கு: துணி விலையைப் போல இரண்டு மடங்கு. பெரியப்பாவே ஏற்படுத்தியது. சோபா துணியை மீட்டர் மீட்டராகத் தின்னும். நாற்காலிக்கு ஒரு துண்டு போதும். அதிலிருந்த ஓட்டை எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கடை நிறைய வேலை, பெட்டிதான் காலி.

பெரியப்பாவின் மகள், எங்கள் அக்கா, வணிகவியல் படித்து முடித்து வந்தாள். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு இடம், எவ்வளவு கரண்ட் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டாள். தேறுவது பச்சை, தேறாதது சிவப்பு. முதலில் சிவந்தவர், கடையில் கட்டைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த பாலீஷ்காரர். அந்த வேலையை வெளியில் கொடுத்துச் செய்தால் பாதிச் செலவுதான். பெரியப்பாவுக்கு அப்படியொரு குஷி. வந்தவர் போனவரிடமெல்லாம் மகளின் மூளையைப் பற்றி அளந்தார். பாலீஷ்காரரை அவரே கூப்பிட்டு, உன் கட்டம் சிவப்பு, கிளம்பு என்றார். அந்த ஆள் கைகூடக் கழுவாமல் போனார்.

அடுத்த வாரம் அக்கா மிச்சத்தையும் போட்டு முடித்தாள்.

"இன்னொரு சிவப்பு இருக்குப்பா."

"தூக்கிடு. யாரு?"

"நீங்கதாம்ப்பா. ரிப்பேர் வேலை."

ஸ்பிரிங் எழும்பவில்லை. கையிலிருந்த ஊசியை நாற்காலியிலேயே குத்தி வைத்தார். அக்கா நிதானமாக விளக்கினாள். ஜன்னலோரம்தான் கடையிலேயே விலை உயர்ந்த இடம். வாடகையில் அதன் பங்குக்குக்கூட அவர் கூலி போதவில்லை. கூலியை மணிக்கணக்கில் மாற்றிப் பார்க்கலாம் என்றாள். ஒரு மாதம் பார்த்தார்கள். விலையைக் கேட்டவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார்கள். ஒரு அம்மா மட்டும் நாற்காலியைத் தெருவில் விட்டுவிட்டு, மாமாவிடம் புது சோபா வாங்கிப் போனார்.

"அத்தான், இத்தனை நாளா நாங்கதான் உங்களை வச்சுக் காப்பாத்தியிருக்கோம் போல" என்றார் மாமா. அவரை யாரும் அடக்கவில்லை. பலகையைப் பின்பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்று அக்கா இழுத்தாள்.

"பாலீஷ்காரனுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா? எடுத்துடும்மா" என்றார் பெரியப்பா.

மறுநாளே மாமா அந்தப் பலகையை அறுத்து ஒரு சோபாவுக்குக் காலாக்கினார். நல்ல கட்டையாம். ஜன்னலில் மூன்று பேர் உட்காரும் சோபா வந்தது, வியாபாரமும் ஏறியது. அக்கா போட்டது சரிதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெரியப்பாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது: போகிறவர்கள் பார்க்கும்படி அந்த சோபாவில் சாய்ந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தார். விரல்கள் மட்டும் ஸ்பாஞ்சை அழுத்தி அழுத்தி உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தன.

எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டிலிருந்த நாற்காலி ஒன்றின் வயிற்றில் பிளேடு போட்டு, நல்ல பிள்ளை மாதிரி அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன், தானாகக் கிழிந்துவிட்டது என்று. அவர் கிழிசலை விரலால் தடவினார்.

"பிளேடு நல்ல கூருதான்."

உள்ளே கைவிட்டு ஒவ்வொரு ஸ்பிரிங்காக அழுத்தினார். மூஞ்சி மெல்லப் பழைய மூஞ்சியாகிக்கொண்டு வந்தது. ஊசி எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். கையை வெளியே எடுத்துவிட்டார்.

"ரெண்டு நாள் வேலைடா. உங்கக்கா போட்ட மணிக்கூலில பாத்தா புதுசாவே ரெண்டு வாங்கிடலாம்."

"காசு யாரு கேட்டா பெரியப்பா? சும்மா தைங்க."

"சும்மா தைச்சுத்தான் சிவப்பானேன்."

நாற்காலியைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு, குப்பை வண்டி வரும் தெருமுனைக்கு அவரே நடந்தார். அங்கே இறக்கி வைத்தபோது தரை சரியில்லாமல் ஒரு கால் ஆடியது. சுற்றுமுற்றும் பார்த்து, உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, அந்தக் காலுக்கு அடியில் சொருகிவிட்டுத் திரும்பி வந்தார்.