கூக்கால் பேருந்தில் ஒரு வாளி இலை

எண்பதுகளின் தொடக்கத்தில், உருளைக்கிழங்கு அறுவடைக்கு முந்தைய வாரம், என் ஆய்வு மாணவி ஸ்டெல்லாவுடன் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு அப்பால் உள்ள கூக்கால் என்ற மலைக்கிராமத்துக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. உயிரணுக்கள் வளர்வதற்குப் பாலிஅமைன்கள் என்ற சிறு மூலக்கூறுகள் வேண்டும். செடிகளில் அவற்றை உண்டாக்கும் நொதிகளில் ஒன்று ஆர்ஜினின் டிகார்பாக்சிலேஸ். மண்ணில் பொட்டாசியம் குறைந்தால் அதன் வேகம் கூடும் என்பார்கள். மலைத் தோட்டத்திலும் அப்படித்தானா என்பதே ஸ்டெல்லாவின் ஆய்வேட்டில் மிச்சமிருந்த கேள்வி. அறுவடை முடிந்தால் இலை கிடைக்காது. அவள் உதவித்தொகையும் அந்த மாதத்தோடு சரி.

கொடைக்கானலில் தங்கி, மீன்கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு காலைப் பேருந்தில் ஏறினோம். கூக்காலில், பொட்டாசியக் குறைவால் ஓரம் கருகிய உருளைக்கிழங்கு இலைகளைப் பறித்து, ஐஸ் நிரம்பிய தூக்குவாளியில் வைத்தோம். திரும்பும் பேருந்தில் இடமில்லை. வளைவுகளில் ஸ்டெல்லாவுக்குக் குமட்டியதால் வாளியை முன்னால் கொடுத்து அனுப்பினாள்.

அந்தப் பாதையில் சோறு ஆறாமலிருக்கச் சோற்றுவாளிகளை எஞ்சின் மூடிமேல் வைப்பது வழக்கம். எங்கள் வாளியும் அங்கேதான் போயிருந்தது. கொடைக்கானலில் இறங்கித் திறந்தபோது இலைகள் வெந்நீரில் துவண்டு கிடந்தன. ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

"சோறுன்னுல்ல நெனச்சேன் டீச்சரம்மா! கீரைக்கு யாருங்க ஐஸ் வைப்பா?" என்றார் ஓட்டுநர்.

இலையில் என்சைம் என்ற நொதி இருக்கிறது, சூடுபட்டால் அது வேலை செய்யாது என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"அழுகாத தாயி. நாளைக்கு வெள்ளனே வாங்க, நான் பாத்துக்கிறேன்."

எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மறுநாள் புதிதாக இலை பறித்துத் திரும்பும்போது, அதே ஓட்டுநர் ஈரச் சாக்கு சுற்றி வாளியைத் தன் சன்னலோரம் காற்றுபடும்படி வைத்துக்கொண்டார். ஓர் அம்மாள் தன் குழம்புச்சட்டியை அதன்மேல் வைக்கப்போனார்.

"மதினி, எடுங்க! சுட்டா உள்ள இருக்கது செத்துரும்," என்று நடத்துநர் கத்தினார்.

"என்னய்யா, மீனா?"

"என்சைமாம்."

"கடிக்குமா?"

பேருந்தே சிரித்தது, இரண்டு நாளில் முதல்முறையாக ஸ்டெல்லாவும்.

கொடைக்கானலில் ஓட்டுநரே வாளியை மதுரை வண்டிக்குக் கொண்டுபோய், அந்த ஓட்டுநர் கையில் கொடுத்தார். "அண்ணே, இது சோறு இல்ல. பாப்பாவோட படிப்பு."

அன்று மாலையே இலையை அரைத்துச் சோதித்தோம். நொதி நன்றாக வேலை செய்தது. அது உயிருள்ள பொருளல்ல, 'செத்துரும்' என்பது தவறு. அவர்களைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

கூக்காலுக்குப் பேருந்துகள் குறைவு; கொடைக்கானலில் தங்கிக் காலையில் கிளம்புங்கள். கம்பளி அவசியம். வாளியில் என்ன இருக்கிறது என்பதை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். புரியாவிட்டாலும் பார்த்துக்கொள்வார்கள்.