மாமா கொட்டிய மருந்து

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் பசியாவரத்தில் கேட்பவர்களிடமெல்லாம் "ஊசி செய்யிற கம்பெனி" என்று அக்கா சொல்லிவைத்திருக்கிறாள். விளைவு, நான் லீவில் வந்தால் சளிக்கு எந்த ஊசி நல்லது என்று கேட்டு ஆள் வருகிறது. நான் செய்வது அந்த ஊசி இல்லை. உடம்புக்குள் இருக்கும் கட்டியிலிருந்து நூல்போலக் கொஞ்சம் சதை எடுத்துவரும் ஊசி. கைப்பிடிக்குள் இரண்டு ஸ்பிரிங். பொத்தானை அழுத்தினால் உள் ஊசி கட்டிக்குள் பாயும். அதன் பக்கவாட்டில் ஒரு சிறு பள்ளம், அதில் சதை விழும். உடனே வெளிக்குழாய் மேலே பாய்ந்து அதை நறுக்கி மூடிக்கொள்ளும். இவ்வளவும் நடந்து முடிவதற்குள் வெளியே கேட்பது ஒரே ஒரு 'டப்'.

ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் ஊசி குத்தாது, கட்டி நழுவி ஒதுங்கிக்கொள்ளும். இறுக்கினால் டாக்டரின் கை உதறும். பள்ளம் ஆழமானால் ஊசி வளையும், ஆழம் குறைந்தால் சதை போதாது. எடுத்த சதை நசுங்கக் கூடாது, கிழியக் கூடாது என்று அந்தப் பள்ளத்தின் விளிம்பை மட்டும் மாற்றி மாற்றி வரைந்து, மாதக்கணக்கில் கோழிக்கறியில் துப்பாக்கிபோல ஊசியைச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீஸ் ஃபிரிட்ஜைத் திறந்தால் கறிக்கடை என்றுதான் நினைப்பார்கள்.

இப்படிப்பட்ட என்னிடம், அக்கா மீன் செதில் உரசிக்கொண்டே, "இங்க ஒரு கோலிகுண்டு மாரி உருளுதுடி" என்று மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியே இருந்துச்சு."

அப்போது சித்திரை பிறந்துவிட்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கிருந்த மீன் கூடையை எட்டி உதைத்திருப்பேன். உதைத்தால் அதையும் நானே பொறுக்க வேண்டும் என்பதால் விட்டேன்.

பொன்னேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு மாமாவுக்குப் பாடு. ஏரியில் எந்த வீடு எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்று ஊர்க்கட்டுப்பாடு உண்டு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறை வந்த நாளில் போகாவிட்டால் போனது போனதுதான், அடுத்தவனிடம் போய்க் கேட்க முடியாது. "பாட்ட வுட்டுட்டு ஆஸ்பத்திரியா?" என்றார் மாமா, அக்காவின் கணவர். அக்காவும் அவர் பக்கமே பேசினாள். கட்டி ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அடங்கி வளராது என்று நான் போனில் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. ஒருவழியாக வேறொரு சனிக்கிழமை போனார்கள். எனக்கு அன்று கம்பெனியில் புது மாடலின் சோதனை, வர முடியவில்லை.

சதையை எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் நோயாளியின் வீட்டு ஆள்தான். பாட்டிலை மாமா கையில் கொடுத்து, திங்கட்கிழமை சென்னையில் இன்ன இடத்தில் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அக்காவின் போன். "ரிப்போர்ட்டு வந்துச்சுடி. ஒண்ணும் இல்லயாம். அம்மனுக்குப் பொங்கல் வெச்சுட்டேன்." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. எனக்கும் அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். எதற்கும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். வந்ததைப் படித்தேன். ஒன்றும் இல்லை என்று அதில் எங்கேயும் இல்லை. சதை கெட்டுப்போய் வந்திருப்பதால் எதுவும் சொல்ல இயலாது, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று இருந்தது.

கெட்டுப்போயா? எப்படிக் கெடும்? பாட்டிலில் சதை கெடாமல் காக்கிற ஃபார்மலின் இருக்குமே. அடுத்த ரயிலைப் பிடித்தேன். பொன்னேரியில் இறங்கி பஸ், பழவேற்காட்டிலிருந்து படகு. வழியெல்லாம் அந்த ஆய்வகத்தைத் திட்டிக்கொண்டே போனேன். திட்ட வேண்டிய ஆள் வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த பாட்டில இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? பத்திரமா எடுத்துகினு போய் குடுத்தேன்."

"ரெண்டு நாள் எங்க வெச்சிருந்தீங்க?"

"ஐஸ் பெட்டிலதான். வேற எங்க வெப்பாங்க?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சாமர்த்தியத்தை இன்னும் விளக்கமாகச் சொன்னார். "அதுல எவனோ மருந்து ஊத்தி வெச்சிருந்தாம்மா. தொறந்தா குப்புனு மூக்குல ஏறுது. அத்த கொட்டிட்டு, நல்லா அலசி, நல்ல தண்ணி ஊத்தி ஐஸ்ல வெச்சேன்."

"மூடிய எதுக்குத் தொறந்தீங்க?"

"மோந்து பாக்காம எப்டிம்மா எடுத்துகினு போறது?"

மாமாவைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வெளியூர் வியாபாரி ஒருவன் மீனில் மருந்து அடித்துக் கொண்டுவந்தான் என்று, பழவேற்காடு மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துவிட்டுச் சண்டைக்கு நின்றவர் அவர். ஃபார்மலின் என்றால் அவருக்கு அயோக்கியத்தனம். தன் பெண்டாட்டியின் சதையில் அதை ஊற்றிக் கொடுத்தால் சும்மா விடுவாரா? அலசிவிட்டார். நான் மாதக்கணக்கில் விளிம்பு விளிம்பாக இழைத்து, நசுங்காமல் எடுக்க வழி செய்கிற சதையை, நெத்திலி அலசுவதுபோல அலசிவிட்டார்.

அன்றைக்கு நான் கத்தியதில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். அதற்கும் அசராமல், "ஐஸ்ல வெச்சா கெட்டுப்பூடுமா? யாருகிட்ட சொல்ற?" என்றார் மாமா.

சரி, கண்ணால் பார்த்தால்தான் புரியும் என்று, அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து ஒரு கருவியையும் கொஞ்சம் ஃபார்மலினையும் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு மடவை மீனில் சுட்டு இரண்டு துண்டு எடுத்தேன். ஒன்றை அவர் முறைப்படி ஐஸ் தண்ணீரில், மற்றதை மருந்தில். இரண்டு நாள் கழித்துத் திறந்தோம். ஐஸில் இருந்தது வெளுத்து, ஊறி, தொட்டதும் கரைந்தது. மருந்தில் இருந்தது விறைப்பாக, எடுத்தது எடுத்தபடி இருந்தது. நான் வெற்றியோடு மாமாவைப் பார்த்தேன்.

மாமா இரண்டாவது துண்டை நகத்தால் அழுத்திப் பார்த்தார். "ரப்பராட்டம் ஆயிடுச்சு. இத்த பாத்து டாக்டரு இன்னாத்த கண்டுபுடிப்பான்?"

இந்த மனிதரோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாய் என்று அக்காவைக் கேட்டேன். அவள் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி போய் எடுக்க வேண்டும் என்று நான் பேச்செடுத்த ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. பொங்கல் வைத்தாயிற்று, சாமி குத்தமாகிவிடும் என்றாள். கட்டியில் ஊசி பட்டால் பரவும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்றாள். மார்க்கெட்டில் இறால் வரத்து ஜாஸ்தி என்றாள். அவளைக் காப்பாற்ற நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும், அவள் மட்டும் நிதானமாக மீன் விற்றுக்கொண்டிருப்பாளாம்.

அன்று சாயங்காலம் மாமா வெளியே போனதும்தான் உண்மையைச் சொன்னாள். "அந்தச் சத்தம்தான்டி. உள்ள ஏதோ எலும்பு ஒடஞ்சிடுச்சுனு நெனச்சேன். யாரும் சொல்லல."

தலையில் அடித்துக்கொண்டேன். சுடுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே அழுத்தி, நோயாளிக்குச் சத்தத்தைக் கேட்கச் செய்யுங்கள் என்று எங்கள் கருவியோடு போகும் கையேட்டில் இருக்கிறது. நானே எழுதிச் சேர்த்த வரி. கையேட்டை யார் படிக்கிறார்கள்? பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான்.

புது ஊசி மாட்டிய கருவியை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். காற்றில் அழுத்தினேன். 'டப்'. அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி. மறுபடி. உள்ளே ஸ்பிரிங் போய் முட்டுகிற சத்தம்தான் இது, உன் உடம்பிலிருந்து வருவதில்லை என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். கை வலிக்க ஆரம்பித்தபோது, "குடு இங்க" என்று அவளே வாங்கினாள். ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டக் காட்டிக்கொடுத்தேன். ஐஸில் கிடந்த மீதி மடவை மேல் வைத்துச் சுட்டாள். இன்னொரு தடவை சுட்டாள். மீன் சல்லடையாகிக்கொண்டிருந்தது. "இதுக்கா நான் இத்தினி நாளு பயந்துகினு கெடந்தேன்" என்று சிரித்தவள், கருவியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்னிக்கு போவணும்?" என்றாள்.

இந்தமுறை சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. நானும் உள்ளே நின்றேன். "சொல்ட்டு சுடுங்க டாக்டர்" என்று அக்கா சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். அன்றைக்கும் மாமாவுக்குப் பாடுதான். போகவில்லை. வெளியே நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். நர்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடியில் இருந்த ஆய்வகத்துக்குப் போனபோது அவர் பின்னாலேயே படியேறிப் போய், அது உள்ளே போகிறவரை பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

இருந்தது. ரிப்போர்ட் வாங்க மூன்று பேரும் மறுபடி போன அன்று தெரிந்தது, புற்றுநோய்தான். ஆபரேஷன் செய்ய வேண்டும், அப்புறம் மருந்து ஏற்ற வேண்டும், இனி நாள் கடத்தாதீர்கள் என்றார் டாக்டர். அந்தக் கடைசி வார்த்தை வந்தபோது நான் மாமாவைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

திரும்பும்போது ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் நின்றோம். அக்கா குழாயடிக்குப் போனாள். மாமா என் பக்கத்தில் வந்து, தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"மொத தபாவே நான் அத்த கொட்டாம இருந்தா, இன்னா ஆயிருக்கும்?"

எத்தனையோ வாரமாக இதற்குப் பதிலைத்தான் நான் அவரிடம் கத்திக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில், போனில், ஊரே கேட்க. இப்போது அவரே வந்து கேட்கிறார். பாழாய்ப்போன மனிதர், இப்படி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டால் என்ன சொல்வது?

அக்கா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள்தான் சொன்னாள்.

"அப்பவும் ரிப்போர்ட்டுல இதேதான்யா எழுதியிருப்பான். நட, வண்டி வருது."