நிக்கானோர் போட்ட செல்லாத ஓட்டு

பொமக்கஞ்சாவில் எந்தக் கட்சி நின்றாலும் அதன் சின்னத்தைச் சுவரில் எழுதுவது நிக்கானோர் தக்கூரிதான். இருபத்தாறு வருஷமாக அந்த மலையூருக்கு வேறு பெயின்டர் கிடையாது. காலையில் குடைக் கட்சிக்குக் குடை வரைவார். மத்தியானம் எதிர்ச் சுவரில் கரண்டிக் கட்சிக்குக் கரண்டி வரைவார். ஒரே நாளில் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து நின்றால், முதலில் வந்தவருக்கு வெயில் படாத சுவர். அதற்கு மேல் அவருக்கு அரசியல் இல்லை.

"எல்லாப் பயலுக்கும் நான் கலக்குறது ஒரே செவப்புதான்யா. எவன் வந்தா என்ன? தண்ணி எவ்வளவு ஊத்துறோங்கறதுதான் வித்தியாசம்" என்பார்.

ஆனாலும் ஓட்டுச் சாவடிக்குப் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் அபராதம் வரும். அதைக் கட்டும்வரை பேங்கில் ஒரு காகிதம் நகராது. ஆகவே தேர்தலுக்குத் தேர்தல் குளித்துத் தொப்பி வைத்துக்கொண்டு போவார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று, அவர்கள் கொடுத்த பேனாவாலேயே, ஓட்டுச் சீட்டின் குறுக்கே கொழுகொழுவென்று ஒரு கினிப்பன்றி வரைந்துவிட்டு வருவார். மற்றவர்களின் செல்லாத ஓட்டில் கிறுக்கலும் கெட்ட வார்த்தையும் இருக்கும். இவருடையதில் மீசை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும். ஒரு வருஷம் கினிப்பன்றிக்கு மேயர் போடுகிற பட்டை போட்டிருந்தார். இன்னொரு வருஷம் மூக்குக் கண்ணாடி. எண்ணும்போது சாவடி மேசைக்குத் தலைவராக உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு சீட்டையும் பிரித்துத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருப்பவர்கள், யார் ஜெயிப்பது என்பதை மறந்துவிட்டு, "மாஸ்டரோடது வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஊரில் ரகசியமில்லாத ஓட்டு அது ஒன்றுதான்.

இந்த வருஷம் சிக்கல் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கரண்டிக் கட்சியின் கவுன்சிலர் பட்டியலில் சட்டம் கேட்கிற கணக்குக்கு ஒரு பெண்பிள்ளை பெயர் குறைந்தது. சந்தையில் அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் விற்கிற லியோன்சியாவிடம் வந்து நின்றார்கள். "சும்மா பேர மட்டும் குடுக்கா, நீ ஒன்னுமே பண்ண வேணாம்" என்றார்கள். லியோன்சியா நிக்கானோரின் மனைவி, முப்பத்தொரு வருஷமாக. ஒன்றுமே பண்ணாமல் இருப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சந்தைக் கூரையிலிருந்து பெயர்ந்து விழுந்த தகரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கூரையை மாற்ற வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பெயரைச் சுவர்களில் எழுதியதும் நிக்கானோர்தான். கட்சியிடம் முழுக் கூலியும் வாங்கிக்கொண்டார்.

தேர்தலுக்கு நாலு நாள் முன்னால், சாப்பிடும்போது அவள் கேட்டாள்.

"இந்தா கெழவா, ஞாயித்துக்கெழம என்ன வரையப் போற?"

"என்னத்த வரையறது? வழக்கமானதுதான்."

"அத மேசையில தூக்கிக் காட்டுவாங்க. ஊரே பாக்கும். கட்டுனவனே இவளுக்குப் போடலன்னு மறுநாளு எங்கிட்ட சோளம் வாங்குறவ எல்லாம் சிரிப்பா."

"ஒரு ஓட்டுல என்னடி ஆயிடப் போவுது?"

"ஒன்னும் ஆகாதுல்ல? அப்ப எனக்கே போட்டுட்டுப் போ. உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

நிக்கானோர் சூப்பைக் குடித்தார். கிண்ணம் காலியான பிறகும் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டது எதுவுமில்லை என்பது அவருக்குத் தெரியும். போடுவதா, வரைவதா? நாலு நாளும் தூக்கம் பிடிக்கவில்லை. போதாததற்கு ரொட்டிக் கடை அப்தோன் தெருவிலிருந்தே கத்தினான்: "மாஸ்டர், இந்த வருஷம் பன்னிக்கு என்ன உடுப்பு? பாவாடையா?"

ஞாயிறன்று ஊரில் சாராயம் விற்கத் தடை. எல்லோரும் தெளிவாக இருந்தார்கள். அதனால் எரிச்சலாகவும் இருந்தார்கள். நிக்கானோர் தடுப்புக்குப் பின்னால் போனார். போனவர் வரவில்லை. குலுக்கலில் பெயர் வந்து மேசைத் தலைவராக உட்கார்ந்திருந்த தையல்காரி ரூஃபினா எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டர், உள்ள இருக்குறது சீட்டுதான், சுவரு இல்ல. வெளிய வரிசை நிக்குது!"

வேர்த்துப்போன முகத்தோடு வெளியே வந்து, சீட்டைப் பெட்டியில் போட்டு, மையில் விரலை முக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார்.

சாயங்காலம் எண்ணினார்கள். பள்ளிக்கூட ஜன்னலில் பாதி ஊர். லியோன்சியா சால்வைக்குள் கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வகுப்பறையைப் பார்க்கிற மாதிரி நின்றாள். குடை. குடை. கரண்டி. வெற்றுச் சீட்டு. குடை. கட்டு குறையக் குறைய, கினிப்பன்றி வராததால் ஜன்னலில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசிக்குச் சற்று முன்னால் ரூஃபினா ஒரு சீட்டைப் பிரித்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு தூக்கிக் காட்டினாள்.

கரண்டிக் கட்டத்தில் சிலுவைக் குறி. ஆனால் அது எப்படிப்பட்ட சிலுவை! ஒரு கோடு தடிப்பு, ஒரு கோடு மெலிசு. முனைகள் ரொட்டிக் கடைப் பலகையில் இருக்கும் எழுத்து மாதிரி விரிந்திருந்தன. வலது பக்கம் முழுக்கப் பட்டும் படாமலும் நிழல். இரண்டு கோடு போட்டுவிட்டுப் பேனாவை வைக்கத்தான் அவரும் நினைத்தார். கை கேட்கவில்லை.

குடைக் கட்சியின் ஏஜென்டு கமானியேல் எழுந்துவிட்டார். "செல்லாது! சிலுவைய தவிர சீட்டுல வேற ஒரு கோடு இருக்கக் கூடாது."

"இதுவும் சிலுவதானங்க?" என்றாள் ரூஃபினா.

"நெழல் இருக்கேம்மா! சிலுவைக்கு எதுக்கு நெழல்?"

"நெழல் இல்லாட்டி தட்டையா கெடக்கும்யா!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். நிக்கானோர் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் சிரிப்பு பள்ளிக்கூடத்தைத் தாண்டிச் சதுக்கத்துக்குப் போய்விட்டது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஜன்னல் கம்பிக்குள் பாதி உடம்பை நுழைத்து அவர் வாதாட ஆரம்பித்தார். ரெண்டு கோடும் வெட்டுற எடம் கட்டத்துக்குள்ளதான இருக்கு? வேற பக்கம் மை பட்டுச்சா? மேசையிலிருந்த மூன்று பேரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். அந்த ஓட்டைப் பற்றி அவர்களே ஓட்டுப் போட வேண்டியதாயிற்று. இரண்டுக்கு ஒன்று. செல்லாது.

"மேல அனுப்புங்க! பெரிய ஊருக்கு அனுப்புங்க, படிச்சவங்க பாக்கட்டும்!" என்று கத்தினார் நிக்கானோர்.

கரண்டிக் கட்சி ஏஜென்டான கறிக்கடைக்காரர் அலுத்துக்கொண்டார். "விடுங்க மாஸ்டர். இந்த மேசையில மட்டுமே எழுவது ஓட்டு பின்னாடி கெடக்கோம். இது ஒன்ன வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

"எழுவது இல்லய்யா, அறுவத்தொம்போது! ஒழுங்கா எண்ணு!"

அவர் போர்த்தியிருந்த போஞ்சோக் கம்பளியை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். லியோன்சியா.

"வா, போலாம்."

"செல்லாதுங்கறானுங்கடி!"

"காதுல விழுந்துச்சு."

"ஒழுங்காத்தான் போட்டேன். ரெண்டே கோடு. அந்த நெழலு மட்டும்..."

"தெரியும். வா."

கரண்டிக்கு அந்த மேசையில் அறுபத்தோரு பேர் போட்டிருந்தார்கள். அந்த அறுபத்தோரு பேர் யார் யார் என்று லியோன்சியாவுக்குச் சாகும்வரை தெரியப்போவதில்லை. எண்ணாமல் தள்ளிவிட்ட ஒரு சீட்டு யாருடையது என்பது மட்டும் ஊருக்கே தெரிந்துவிட்டது. திருவிழாவில்கூடச் செய்யாத வேலையாக, அவள் அவருடைய கையைக் கோத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற பின்பக்கச் சந்து வழியை விட்டுவிட்டு, சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிற நீளமான வழியில் அவரை நடத்தினாள். அப்தோன் கடை வாசலில் சற்று நின்றாள். கமானியேலின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த படிக்கட்டருகே இன்னும் சற்று அதிகமாக நின்று, "சவுக்கியமா?" என்று விசாரித்தாள்.

பக்கத்தில் நிக்கானோர் தடிப்புக் கோட்டையும் மெலிசுக் கோட்டையும் காற்றில் விரலால் போட்டுக் காட்டிக்கொண்டே வந்தார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லு கெழவா" என்றாள் லியோன்சியா. "அவளுக்குக் கேக்கல."