மலையில்லா நாட்டுப் பனிச்சறுக்குக்காரி

டென்மார்க்கில், பிராண்டே என்ற சிறு ஊரில் நான் வேலை செய்த தொழிற்சாலையில், என் பக்கத்து மெசினில் ஒரு டேனிஷ் அம்மா நின்றார். அவருடைய மகள் நாட்டின் பனிச்சறுக்கு அணியில் இருந்தாள். அணி என்றால் மொத்தமே மூன்று பேர். மலையே இல்லாத நாடு; பயிற்சிக்கு நோர்வேக்குப் போவார்கள்.

குடும்பத்தைக் கூப்பிட இலங்கைத் தமிழ் அகதிகள் நாங்கள் கொடுத்த விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் கிடப்பில் கிடந்த காலம் அது. என் மனைவி மன்னாரில் இருந்தாள்.

ஒருநாள் அந்தப் பெண்ணின் போட்டியைச் சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பனிச்சரிவில் நட்டிருந்த கொடிகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கியவள், பாதிவழியில் விழுந்து ஒரு கொடியைத் தவறவிட்டாள். சிலர் சிரித்தார்கள். அவள் எழும்பி, பக்கவாட்டாகக் கால்வைத்து மேலே ஏறத் தொடங்கினாள்.

“ஏன் திரும்பவும் மேல ஏறுறா?” என்று எங்களோடு வேலைசெய்த மன்னார் அண்ணை என்னிடம் கேட்டார். நான் அந்த அம்மாவைக் கேட்டேன்.

“விட்ட கொடியைச் சுற்றி வராவிட்டால் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் கடைசி ஆளாகப் போட்டியை முடித்தாள். அம்மா எழும்பிப்போய், கோப்பை கழுவும் இடத்தில் நின்று அழுதார். நான் பின்னால் போனேன். என் டேனிஷ் அரைகுறை. “உங்கள் மகள் இடையில் விட்டுவிடவில்லை” என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உன் மனைவி எப்போது வருகிறாள்?” என்றார். வேலையிடத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

“தெரியாது. எங்கள் ஆட்களுக்கு விசாவை அரசாங்கம் நிறுத்தி வைத்திருக்கிறது.”

“சட்டத்தில் இடம் இருக்கிறதல்லவா?”

“இருக்கிறது.”

“வெட்கமாக இருக்கிறது” என்றார். மகளைச் சொல்லவில்லை என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் வணக்கம் சொல்லுமுன்பே, “ஏதும் செய்தி உண்டா?” என்று கேட்பார்.

தடை நீங்கி, இன்னொரு பனிக்காலத்தில்தான் மனைவி வந்து இறங்கினாள். என்னிடம் கார் இல்லை. அந்த அம்மாவே பில்லுண்ட் விமானநிலையத்துக்கு ஓட்டிவந்தார். மகளும் கூட வந்தாள். சேலையோடு நடுங்கி நின்றவளைக் கண்டதும் அந்தப் பெண் தன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டாள்.

“என்னப்பா, அந்தப் பிள்ளைக்கும் குளிருமெல்லே? திருப்பிக் குடுங்கோ” என்றாள் மனைவி.

நான் அதை டேனிஷில் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு தலையாட்டி மறுத்தாள். காரின் பின்சீற்றில் மனைவிக்குப் பக்கத்தில் ஏறி, விறைத்த விரல்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். இருவருக்கும் பொதுவாய் ஒரு சொல்கூட இல்லை. பிராண்டே வருமுன்பே மனைவி அவள் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.