எட்டாயிரம் கிலோமீட்டரும் ஒரு தலைப்பிரசவமும்

போன மாதம் எங்கள் தெருவுக்கே ஒரு கவலை. சென்னையிலிருந்து பாரிஸ் எத்தனை கிலோமீட்டர்?

காரணம், எதிர்வீட்டு அஞ்சலை. கிருமாம்பாக்கத்தைச் சுற்றி நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைப்பவள். கணவர் இல்லை. ஒரே மகள் ரேவதி பாரிஸில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நிறைமாதம். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை, உதவிக்கு ஆள் இல்லை. மகள் போனில் அழுதிருக்கிறாள். பாஸ்போர்ட், விசா எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் அஞ்சலை எங்களிடம் வாயைத் திறந்தாள். தனியாகப் போகிறாளாம்!

தெரு சும்மா இருக்குமா? முதலில் குதித்தது அவள் கொழுந்தன் சேகர்.

"இன்னா அண்ணி, கடலூருக்கே தனியா போனதில்ல நீ..."

"தலைப்பிரசவம் தாய் வூட்டுலதானப்பா. அவளால வர முடியல. அப்ப தாய் வூடுதான் கெளம்பிப் போவணும்."

நான் மட்டும் லேசுப்பட்டவளா? மொபைலில் தேடி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "எட்டாயிரம் கிலோமீட்டர், அஞ்சலை!" பயமுறுத்தத்தான்.

"நடந்தாக்கா போறேன்? உக்காந்துக்கினுதான போறேன். பாண்டி பஸ்ல நின்னுக்கினு போறதவிடவா கஷ்டம்?"

சேகர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு. அன்றைக்கு மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. பாரிஸ் இருப்பதோ மேற்கே.

"சூலத்துல போயி, புள்ளைக்கி எதுனா ஆச்சின்னா?"

அஞ்சலையின் முகம் வாடிவிட்டது. எனக்கே திக்கென்றது. பிறகு நிமிர்ந்தாள்.

"வூட்டவுட்டு எறங்கி நான் எங்க போறேன்? மெட்ராசுக்கு. அது வடக்க. வெள்ளிக்கெழமயில வடக்க சூலம் கெடையாது. அங்கேர்ந்து மேக்கால போறது ஏரோப்ளேனு. சூலம் பாக்கணும்னா பைலட்ட பாக்கச் சொல்லு!"



எனக்குக் கோபம் வந்தது — என் மேலும் சேர்த்துத்தான். இதே சேகரின் மகன் துபாய்க்குக் கிளம்பியபோது கிலோமீட்டர் கேட்டது யார்? சூலம் பார்த்தது யார்? வேன் பிடித்துப் போய் மாலை போட்டு அனுப்பி வைத்தோம். ஒரு பெண் பெட்டியைத் தூக்கினால் மட்டும் உலகம் ஏன் இவ்வளவு பெரிசாகிவிடுகிறது?

அஞ்சலை போயே விட்டாள். லேகியப் பாட்டிலைத் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

முந்தாநாள் சேகரின் வீட்டில் வீடியோ கால். தெருவே கூடிவிட்டது. பேத்தி பிறந்து பத்து நாள். திரையில் அஞ்சலை, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பாரிஸ் குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கால் மேல் எண்ணெய் மினுங்கும் குழந்தை. பக்கத்தில் ரேவதி சிரிக்கிறாள்.

சேகர் முண்டியடித்துக்கொண்டு கேட்டார். "தனியா அம்மாந்தூரம்... பயமா இல்லியா அண்ணி?"

"அப்பறமா பேசுப்பா. தண்ணி ஆறுது."

கட் பண்ணிவிட்டாள்.

தூரத்தை அளந்த நாங்கள்தான் இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம்.