இருபது பிள்ளைகள்

எங்கள் மகளுக்கு உடம்பில் இரத்தம் சரியாக ஊறாது என்று கொழும்பு பொரளைச் சிறுவர் ஆஸ்பத்திரியில் வைத்தியர் சொன்னபோது அவள் நடக்கப் பழகியிருந்தாள், அவ்வளவுதான். தலசீமியா என்ற சொல்லை நானும் மனைவியும் அன்றுதான் முதன்முதலில் கேட்டோம். மாதத்துக்கு ஒரு தடவை யாரோ ஒருவருடைய இரத்தம் அவள் கைவழியே ஏற வேண்டும். ஏறிய மறுநாள் படியெல்லாம் ஓடித் திரிவாள். மாதக் கடைசியில் வெளிறிப்போய் என் தோளிலேயே கிடப்பாள்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டின் மேல்தட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தேன். நிகழ்தகவு எனக்குப் பிடித்த பாடம்.

மகள் பாடசாலை போகத் தொடங்கிய வருடம் மனைவி இன்னொரு பிள்ளை வேண்டும் என்றாள். வைத்தியர் சொன்னதை அவள் தன் கணக்கில் பிடித்து வைத்திருந்தாள்.

"நாலில ஒண்டுக்குத்தான் இந்த வருத்தம் வரும் எண்டவர். அந்த ஒண்டு வந்திட்டுது. இனி மூண்டும் நல்லதுதானேப்பா?"

"அப்பிடியில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்பவும் அதே நாலில ஒண்டுதான். முன்னம் பிறந்தது அடுத்ததுக்குத் தெரியாது."

"வயித்துக்குமா தெரியாது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டி முருகனிடம் பூ வைத்துப் பார்ப்போம் என்றாள். செம்பூ ஒரு பொட்டலம், வெண்பூ ஒரு பொட்டலம். சாமியின் காலடியில் வைத்து, சின்னப் பிள்ளை ஒன்றைக் கொண்டு எடுப்பிப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் கல்யாணமே அப்படி ஒரு வெண்பூவில்தான் முடிவானது. ஆனாலும் நான் சிரித்தேன்.

"பூவுக்கு ரெண்டு விடைதான் தெரியும். எங்கட கணக்கு நாலில ஒண்டு. நான் உமக்குச் சரியான பூ ஒண்டு செய்து காட்டுறன்."

கீழ்வீட்டு அம்மா பாடசாலைச் சட்டைகள் தைப்பவர். புருஷன் துறைமுகத்தில் வேலை. அவரிடம் பொத்தான் கேட்டேன். வெள்ளையும் கறுப்பும் ஒரே அளவில், ஒரே தடிப்பில், நாலு துளையோடு இருக்க வேண்டும். விரல் தடவினால் எது எதென்று தெரியக்கூடாது என்றேன். "என்ன மாஸ்டர், வீட்டில சூதாட்டமா? வர்ற ஞாயிறு பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு உங்களையும் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லித் தேடித் தந்தார்.

இரண்டு வெறும் பால்மாத் தகரப் பேணிகள் எடுத்தேன். ஒன்று அப்பா, ஒன்று அம்மா. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. எங்கள் இருவரின் உடம்பிலும் இரத்தத்துக்கான மரபணுவில் நல்லது ஒன்றும் பழுது ஒன்றும் இருந்தன, அதைப்போல. பிள்ளை ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்றை வாங்குகிறது. ஒரு வெள்ளையாவது வந்தால் பயமில்லை. இரண்டும் கறுப்பென்றால் எங்கள் மகள்.

"ஒவ்வொரு பேணியிலயும் ஒண்டு எடுக்கிறது, பாத்திட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்கிறது. அது ஒரு பிள்ளை. இப்பிடி இருபது பிள்ளை பாப்பம்."

"இருபதா! கொட்டாஞ்சேனை தாங்காது" என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "குழந்தைப்பிள்ளைதான் எடுக்கவேணும்" என்றாள். கோயில் வழக்கத்தை அவள் விடவில்லை. மகளைக் கூப்பிட்டு மேசைக்கு முன் கதிரையில் ஏற்றி விட்டோம். விளையாட்டு என்று நினைத்தாள்.

"எது வந்தா வெற்றி அப்பா?"

"வெற்றி தோல்வி இல்லை குஞ்சு. சும்மா எடும்."

முதல் எடுப்பில் இரண்டும் வெள்ளை. "இவன் உங்கட மூக்கோட பிறந்திருக்கிறான், பாவம்" என்றாள் மனைவி. அடுத்தது ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. "இவள் என்னைப் போல. வாய்க்காரி." நான் எண்ணிக் கொண்டிருந்தேன், அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வைத்துக் கொண்டிருந்தாள். நாலாவதாக இரண்டு கறுப்பு வந்தபோது மட்டும் மகளின் தலையைத் தடவினாள். அதற்குப் பிறகு மூன்று பிள்ளைகள் வரிசையாக நல்லபடி வந்தன. மனைவியின் முகத்தில் நீண்ட காலமாக நான் காணாத ஒரு வெளிச்சம் ஏறியது. அதைக் கண்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அந்தப் பயத்தை இப்போது பெயர் சொல்லி எழுதலாம். பிறக்கப்போகும் பிள்ளைக்காக நான் பயப்படவில்லை. இன்னொரு தடவை ஆஸ்பத்திரியின் அந்த வாங்கில் உட்கார்ந்து, இன்னொரு சின்னக் கையில் தாதி நரம்பு தேடுவதைப் பார்க்க என்னால் முடியாது என்று பயந்தேன். அதை என் மனைவியிடம் ஒரே வசனத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது.

எட்டாவது, இரண்டும் கறுப்பு. ஒன்பதாவது, மறுபடியும் இரண்டும் கறுப்பு.

நான் பேணிகளின் மூடியை எடுத்து அழுத்தி மூடினேன்.

"போதும்."

"இருபது எண்டு சொன்னீங்கள்?"

"ஒன்பதில மூண்டு வந்திட்டுது. இனி எத்தனை எடுத்தாலும் இப்பிடித்தான் வரும். நான் படிச்ச படிப்பு இது, நம்பும்."

மகள் கதிரையில் நின்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் நல்லா எடுத்தனானா அப்பா?"

"நல்லா எடுத்தாய் குஞ்சு."

என் மாணவர்களுக்கு நான் முதல் வகுப்பிலேயே ஒன்று சொல்வேன். நாணயம் சுண்டினாலும் சரி, பொத்தான் எடுத்தாலும் சரி, எத்தனை தடவை என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். உங்களுக்கு வேண்டிய விடை வந்த இடத்தில் நிறுத்தினால் அது பரிசோதனை அல்ல, களவு. பொத்தான்கள் சரியானவை, பேணிகள் சரியானவை. களவு நான் நிறுத்திய இடத்தில் இருந்தது.

மனைவி என் படிப்பை நம்பினாள். இன்னொரு பிள்ளை பற்றி அதன்பின் அவள் வாய் திறக்கவில்லை. பேணிகளில் கடுகும் வெந்தயமும் குடிவந்தன. பொத்தான்கள் அவளுடைய தையல் பெட்டிக்குப் போயின. மகள் பூப்படையும் வயதுக்கு முன்னரே, மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், என் மடியில் வைத்தே போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம்.

இப்போது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். கடந்த வருடம் பக்கத்து வீட்டு மாணவி ஒருத்தி பாடசாலை ஒப்படை ஒன்றோடு வந்தாள். தாயக்கட்டையை உருட்டி நிகழ்தகவு ஒன்றைக் காட்டவேண்டுமாம். விளங்கப்படுத்திவிட்டு வழக்கமான வசனத்தையும் சொன்னேன்: எத்தனை தடவை என்று முதலிலேயே எழுதிவை, பிடித்த விடை வந்ததும் நிறுத்தாதே, அது களவு. அந்தப் பிள்ளை போன பிறகு மனைவி குசினி வாசலில் நின்றாள். கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது.

"அண்டைக்கு நீங்களும் இருபது எண்டு முதலே சொன்னனீங்கள்."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஓம்" என்றேன். "எனக்குப் பயம். கறுப்பு ரெண்டு தரம் அடுத்தடுத்து வந்த உடன அதைப் பிடிச்சுக் கொண்டன். பிழையெண்டு தெரிஞ்சுதான் செய்தனான்."

அவள் உள்ளே போனாள். தேங்காய் துருவும் சத்தம் திரும்பக் கேட்டது. அந்தக் கிழமை முழுவதும் தேத்தண்ணீர் நேரத்துக்கு மேசைக்கு வந்தது; வைத்தவளின் குரல் மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலால் வந்து, நெற்றியில் திருநீறு காய முன்னரே, இரண்டு பேணிகளைக் கழுவித் துடைத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பொத்தான்கள் கிடந்தன. வெள்ளை கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது.

"மிச்சத்தை எடுங்கோ."

"இப்ப என்னத்துக்கு?"

"எனக்கு அவையளைப் பாக்கவேணும்."

"பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடட்டே? குழந்தைப்பிள்ளைதானே எடுக்கவேணும்…"

"வேண்டாம். அண்டைக்கு அவளின்ர கையால எடுப்பிச்சீங்கள். இண்டைக்கு உங்கட கையால எடுங்கோ."

எடுத்தேன். பொத்தான் பேணியின் விளிம்பில் தட்டியது. வெள்ளையும் கறுப்பும். "இவள் டொக்டராய் இருப்பாள்" என்றாள். இரண்டும் வெள்ளை. "இவன் வெளிநாடு போய் எங்களை மறந்திருப்பான்." அவள் சிரிக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொருவரையும் விட்டுவிடாமல் பார்த்தாள். ஒருவன் கணக்கில் மக்கு. ஒருத்திக்கு ஏழு மணிக்கும் நித்திரை முறியாது. இடையில் ஒரு தடவை இரண்டு கறுப்பும் வந்தன. என் கை தானாகவே மூடியைத் தேடியதை நான் உணர்ந்தேன். அவள் அந்த இரண்டையும் தன் உள்ளங்கையில் வாங்கி வைத்துக் கொண்டாள்.

"இதுவும் எங்கட பிள்ளைதானேப்பா. மூண்டும் நல்லதுதானே எண்டு சொன்னனான்தான். ஆனா இவள் வந்தாலும் வைச்சுப் பாப்பம் எண்டுதான் பிள்ளை கேட்டனான்."

நாலில் ஒன்று என்பதைப் பேணி சரியாகச் சொல்லும். வந்தால் பார்ப்போமா என்பதை நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் இருக்கத்தான் பொத்தான் வாங்கினேன்.

திரும்ப அவற்றைப் போட்டுக் குலுக்கினாள். நான் எடுத்துக்கொண்டே போனேன். இருபதாவது, ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும். அதற்கு அவள் முகம் ஒன்றும் வைக்கவில்லை. ரயில் ஒன்று தெற்கே போனது.

"நல்லா எடுத்தனானா?" என்று கேட்டேன். யாருடைய கேள்வி அது என்பது வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அவள் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பேணிக்குள் போட்டாள்.

"கடைசிவரைக்கும் எடுத்தீங்கள்" என்றாள். பிறகு தேத்தண்ணீர் போட எழுந்து போனாள். மூடிகள் மேசையிலேயே கிடந்தன.